வயலின் ஏறும் இடத்தில்

பாண்டிமீனாவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தல்லாகுளத்தில் மாடியறை ஒன்றில் இயங்கும் எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோவில் அவளுக்கு என் பக்கத்து நாற்காலி. ஒரு கோடு போடுவாள், அழிப்பாள், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள், செல்போனைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பாள். பார்க்கிற எனக்கே தலை சுற்றியது.

விளாங்குடிப் பெண். அப்பா மலைச்சாமி அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். மகள் பொம்மைப்படம் வரையப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை; முதல் நாள் தானே வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

எங்களுக்கு வந்திருந்தது இத்தாலிக்காரர்களின் குறும்படம். பேச்சே கிடையாது, முழுக்க அவர்கள் நாட்டுச் சாஸ்திரிய இசைதான். ரொட்டிக் கடைப் பெண்ணிடம் ஒருவன் மோதிரத்தை நீட்டுகிறான். வயலின்களின் இசை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. அவள் சம்மதிக்கிறாள். அந்தச் சம்மதத்தை வரைவதுதான் பாண்டிமீனாவின் வேலை.

எங்கள் மேசைகளில் ஆளுக்கொரு சிறு கண்ணாடி உண்டு. எந்த முகபாவத்தையும் முதலில் நாங்களே செய்து பார்த்துத்தான் வரைவோம். அவளும் அப்படித்தான் வரைந்து அனுப்பியிருந்தாள். ரொட்டிக் கடைப் பெண் தலையைக் குனிந்து கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நாமெல்லாம் வேறென்ன செய்தோம்?

மத்தியானம் இத்தாலியிலிருந்து இயக்குநரம்மாவின் பதில் வந்தது. "இசை மேலே ஏறுகிறது. இவள் ஏன் கீழே குனிகிறாள்? இவளுக்கு விருப்பமில்லையா?"

படித்ததும் பாண்டிமீனாவின் முகம் செத்துப்போனது.

"அக்கா, போன ஞாயித்துக்கெழம நானும் இப்படித்தான் குனிஞ்சு நின்னேன். பொண்ணுக்குச் சம்மதம்னு சொல்லிட்டுப் பலகாரம் சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. "உனக்குப் பிடிச்சிருக்கா இல்லையா? அதச் சொல்லு மொதல்ல."

"பிடிக்கலக்கா. கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகக் கூடாதாம். இன்னைக்குச் சாயங்காலம் அப்பா வாராரு, நிச்சயத்துக்குச் சேலை எடுக்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு காட்சியை மறுபடி தொடங்கினாள். வயலின் ஏறும் இடத்தில் கண்ணாடியைப் பார்த்துத் தலையை நிமிர்த்த வேண்டும். கழுத்து பாதியிலேயே நின்றது. எழுந்து நடந்தாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடி முயன்றாள். நிமிர்வது என்ன அம்புட்டுக் கஷ்டமா என்று கேட்க வாயெடுத்தேன். என் நிச்சயதார்த்தம் நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டேன். ஒருவழியாக நிமிர்ந்தாள், வரைந்தாள். திரையில் ரொட்டிக் கடைப் பெண் நேராகப் பார்த்துச் சிரித்தாள். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மலைச்சாமி மாடிப்படியேறி வந்தார், புதுச் சட்டையில்.

"போலாமாத்தா? கடையில கூட்டம் கூடிரும்."

"எனக்கு இந்த மாப்பிள்ள வேணாம்ப்பா."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மகளை. "என்னத்தா இது? அன்னைக்குச் சரின்னுதான தலையக் குனிஞ்ச?"

"குனிஞ்சேன்ப்பா. என் மூஞ்சிய யாரும் பாக்கல. நீங்களும்தான்."

மலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பாண்டிமீனா இடத்தைவிட்டு அசையவில்லை.

"நிமிந்து என்னையப் பாத்துச் சொல்லுங்கப்பா" என்றாள்.