பெனிசிலின் செவ்வாய்

அந்த மருந்துக்குப் பூசணம் பிடித்த ரொட்டியின் வாடையும் வெயிலில் கிடந்த ரப்பரின் வாடையும் கலந்தாற்போல ஒரு வாடை இருந்தது. ராகிராகி சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். உள்ளே இருக்கும் வெள்ளைத் தூள் தண்ணீரில் கரைந்து டின்பால் மாதிரி கெட்டியாகும்வரை நான் கட்டிலில் குப்புறப் படுத்து அந்த வாடையை முகர்ந்துகொண்டிருப்பேன். மருந்து கெட்டி என்பதால் ஊசியும் தடிமன். மெள்ள மெள்ளத்தான் ஏறும். ஏறி முடிந்ததும் இடுப்பிலிருந்து முழங்கால்வரை மரத்துப்போய், அந்தக் கால் என்னுடையது இல்லை, யாரோ இரவல் கொடுத்தது என்று தோன்றும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமை. வீட்டில் அதற்கு "சூயி நாள்" என்று பெயர். சூயி என்றால் நம் பிஜி இந்தியில் ஊசி.

பிள்ளைகளே, போன வாரம் கோயிலில் உங்கள் உயிரியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள், தொற்றுநோய்க் கட்டுப்பாடு, கரும்புச் சாற்றிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று எல்லாம் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. நான் ஐந்தாம் ஃபாரம், அதாவது இப்போதைய பதினோராம் வகுப்பு, படித்தபோதும் அப்படித்தான் இருந்தது. அதற்குமேல் நான் படிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பாடத்தை மட்டும் நான் உடம்பால் படித்தவன். கோயில் தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் உங்களுக்குப் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

எனக்குப் பத்து வயதில் தொண்டை வலி வந்தது. வலி போன சில வாரத்தில் காய்ச்சல் வந்து, முதலில் ஒரு முழங்கால் வீங்கி, அது வற்றியதும் அடுத்தது வீங்கி, கணுக்கால், முழங்கை என்று வீக்கம் வீடு மாறிக் குடியிருந்தது. லௌடோகா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தொண்டையில் வந்த கிருமியால் இருதயத்தின் உள்ளே இருக்கும் கதவுகளில் ஒன்று கெட்டிருக்கிறது, மறுபடி தொண்டை வலி வந்தால் இன்னும் கெடும், வராமல் தடுக்க மாதா மாதம் பெனிசிலின் போட வேண்டும் என்றார்கள். எவ்வளவு நாளைக்கு என்று அப்பா கேட்டார். பெரிய பையன் ஆகும்வரை என்றார்கள். அப்பா எங்கள் ஊர்ப் பினாங்கு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடும் விவசாயி. அறுப்பு அவசரத்திலும் அந்தச் செவ்வாய்க்கிழமையை மட்டும் மறந்தது கிடையாது.

எண்பத்தேழில், இந்தியர்கள் அதிகம் இருந்த அரசைக் கவிழ்க்க, தலைநகர் சுவாவில் இராணுவம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. எங்கள் ஊரில் அன்று எதுவும் நடக்கவில்லை. ரேடியோவில் பாட்டு நின்றது, பிறகு பாட்டு வந்தது. மறு வாரம் சுவாவின் சமபுலாவிலிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாமா சுவாவில் கப்பல் கம்பெனி கிளார்க். வந்த அன்றைக்கே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்:

"மச்சான், இனிமே இங்க நமக்கு ஒண்ணும் இல்ல. நியூசிலாந்துக்குப் போயிடலாம். எல்லாரும் போயிடலாம். எங்க ஆபீஸ்ல பாதி மேஜை காலி ஆயிடுச்சி."

அப்பா, "கரும்ப என்னா பண்றது?" என்று கேட்டார்.

"கரும்பா? கரும்பு தானா வளரும், விடுங்க!"

அம்மா சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு முறைதான். அம்மாவுக்குப் போய்விட வேண்டும் என்றிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு கடையை உடைத்தார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயது. அவளைத் தனியாகக் குழாயடிக்குக்கூட அனுப்பமாட்டாள்.

போவதென்றால் எல்லாரையும் டாக்டர் பரிசோதிப்பார், ஒருவருக்குச் சீக்கு இருந்தாலும் குடும்பத்தோடு திருப்பிவிடுவார்கள் என்று மாமா விசாரித்து வந்து சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவனுக்கு சூயி போடுறத நிறுத்திடுங்க அக்கா."

அம்மா, "நிறுத்துனா காய்ச்சல் வருமே தம்பி" என்றாள்.

"பையன் குதிரையாட்டம் இருக்கான். என்னா காய்ச்சல்? ரத்தத்த எடுத்து மிஷின்ல வெப்பாங்க. தவாயி மருந்து ஓடுதுன்னா சீக்காளின்னு காட்டிக் குடுத்துடும். நாலஞ்சு மாசம் போடாம இருந்தா ரத்தம் சுத்தமாயிடும். அங்க போயி இறங்குன அன்னிக்கே போட்டுக்கலாம், நல்ல டாக்டரா பாத்து."

மாமா கெட்டவர் இல்லை, பிள்ளைகளே. இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் எங்களையும் கூட்டிக்கொண்டு போக நினைத்தார். மருந்துதான் சீக்கைக் காட்டிக்கொடுக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் பலரும் அப்படி நம்பினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பா களை எடுக்கப் போனார். நான் பள்ளிக்கூடம் போனேன்.

அந்த மாதம்தான் பள்ளியில் அந்தப் பாடம் வந்தது. எங்கள் உயிரியல் டீச்சர் பா என்ற ஊரிலிருந்து வந்த பெண். மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஆய்வுக்கூடத்தில் ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் உட்காரும் ஜோனே கடற்கரை கிராமத்துப் பூர்வகுடிப் பையன். மிஸ் அவனை வீட்டிலிருந்து "லூமி" கொண்டுவரச் சொன்னார். லூமி என்பது அவர்கள் காய்ச்சிக் கூழாக உறையவைத்துச் சாப்பிடும் கடற்பாசி. மிஸ் அதில் மாட்டிறைச்சி சூப்பைக் கலந்து கொதிக்கவைத்து, ஜாம் பாட்டில் மூடிகளில் ஊற்றி உறையவைத்தார். ஆளுக்கொரு மூடி. அதில் விரலால் தடவச் சொன்னார். பிறகு நடுவில் ஒரு பெனிசிலின் மாத்திரைத் துணுக்கு.

"மிஸ், இவனைத் தடவச் சொல்லாதீங்க, இவன் மேலே பட்டாலே கிருமி செத்துடும்" என்றான் ஜோனே. "இவன் பின்பக்கமே ஒரு மருந்துக்கடை."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஊசி போட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று அவனிடம் சொல்லவில்லை.

சில நாளில் மூடிகளில் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் நிறைந்தன. மாத்திரையைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. மிஸ் பென்சில் முனையால் அந்த வட்டத்தின் விளிம்பைக் காட்டினார். "மருந்து போய்ச் சேருகிற இடம்வரைதான் இந்தச் சுத்தம். மருந்து குறைந்தால் வட்டம் சுருங்கும். மருந்தே இல்லையென்றால் வட்டமும் இல்லை" என்றார். பிறகு தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று பலகையில் எழுதினார்: நெருக்கமான வீடு, ஒரே பாய், ஒரே குவளை. எங்கள் வீட்டில் அப்போது இரண்டு குடும்பம். மாமாவின் சின்னப் பையன் என் பாயில்தான் படுத்தான். அவனுக்கு அந்த வாரம் தொண்டை கட்டியிருந்தது.

நான் அந்த மூடியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் வைத்து, மிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். ஊசியை நிறுத்தக்கூடாது என்றும் சொன்னேன்.

மாமா மூடியை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். "வாங்க டாக்டர் மாப்ளே! சாப்புடற லூமியில பூசணம் வெச்சி எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துட்டாரு. ஏன் மாப்ளே, நீ அங்க போயி படிச்சி நெஜமாவே டாக்டரா ஆவ வேணாமா?"

அப்பா அந்த வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலை குனிந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு மாசந்தான" என்று அவள் மெல்லச் சொன்னாள். அப்பா மூடியை எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

பள்ளியில் பாடம் எரிபொருளுக்கு வந்தது. அந்த ஆண்டு விவசாயிகள் அறுக்கமாட்டோம் என்று உட்கார்ந்ததால் ஆலைப் புகைபோக்கி வெகுநாள் சும்மா நின்றது. பழைய பாகு கொஞ்சம் வாங்கி வந்து மிஸ் அதில் ஈஸ்டைப் போட்டு நுரைக்கவிட்டார். வடித்து எடுத்தது ஒரு கரண்டி இருக்கும். தீக்குச்சி கிழித்தார். வெயிலில் சுடர் தெரியவில்லை. மேலே கையை நீட்டியபோதுதான் சுட்டது. பிரேசிலில் இதில் கார் ஓடுகிறது என்றார். "எங்க தாத்தா கார் இல்லாமலே இதுல ஓடுறார் மிஸ்" என்றான் ஜோனே. அதுதான் மிஸ் எங்களுக்கு எடுத்த கடைசி வகுப்பு. திங்கட்கிழமை அவர் வரவில்லை. சிட்னிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பலகையில் அவர் எழுதியது அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்தபடி நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வருத்தம் வந்ததா என்று கேட்டால், தெரியாது. அந்த ஆண்டு யார் போனாலும் அப்படித்தான் இருந்தது.

செப்டம்பரில் இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. அக்டோபரில் எனக்குத் தொண்டை வலி. நவம்பரில், நியூசிலாந்துப் பரிசோதனைக்குச் சுவாவில் டாக்டரைப் பார்க்கப் போகவேண்டிய நாளில், என் வலது முழங்கால் தேங்காய் அளவு வீங்கியிருந்தது. அம்மா நீளக் கால்சட்டை போட்டுவிட்டாள். மாடிப்படியில் நான் ஏறும்போது மாமா பின்னால் நின்று என் இடுப்பை இரண்டு கையாலும் தாங்கித் தள்ளினார். "ஏறு ராசா, ஏறு, இன்னும் கொஞ்சந்தான்" என்றார்.

அந்த டாக்டர் இரத்தம் எடுப்பதற்கு முன்னால் காதில் குழாயை மாட்டிக்கொண்டார். என் மார்பில் வைத்தார். இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி மறுபடி வைத்தார். வெகுநேரம் கேட்டார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அப்பாவைப் பார்த்து, "இந்தப் பையனுக்கு ஏன் பெனிசிலின் போடவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

பதில் வந்தபோது எங்கள் நால்வருக்கும் சேர்த்தே இல்லை என்று வந்தது. மாமா குடும்பத்துக்குக் கிடைத்தது. யாரும் அழவில்லை. அம்மா அன்றைக்குப் பருப்பு வேகவைத்தாள், அது வேகவில்லை, அப்படியே சாப்பிட்டோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பா என்னைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். நர்ஸம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இத்தனை மாசம் எங்க போயிட்டீங்க? நீங்களும் நியூசிலாந்துக்குப் பறந்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்று இந்தியில் கேட்டார்.

"நாங்க எங்கயும் போகல" என்றார் அப்பா. "போகப்போறதும் இல்ல."

இரண்டு ஆண்டுக்குப் பிறகு அக்காவுக்கு ஆக்லாந்தில் மாப்பிள்ளை கிடைத்தார். அவள் பிரசவத்துக்கு அம்மா போனாள். ஆறு மாதம் என்றாள். பிறகு இரண்டாவது குழந்தை. பிறகு அக்காவுக்கு வேலை. பிறகு அம்மாவுக்கு அங்கேயே இருக்க அனுமதி. அப்பாவுக்கும் எடுக்கலாமா என்று அக்கா கேட்டாள். "பையன் தனியா இருப்பான்" என்று அப்பா போனில் சொன்னது எனக்குக் கேட்டது. நானும் அப்பாவும் ஒரே வீட்டில் ஆக்கித் தின்று, ஒரே வயலில் வேலை செய்து, அதிகம் பேசாமல் பல ஆண்டு இருந்தோம். சுவாவுக்கு வந்த வெளிநாட்டு டாக்டர்கள் என் இருதயத்தைத் திறந்து கதவைச் சரிசெய்தபோது, வராந்தா பெஞ்சில் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அப்பா இறந்ததற்கு அம்மா வந்தாள். மூன்றாம் நாள் சமையலறைக்குள் போய், அவளே மண் மெழுகிக் கட்டிய அடுப்பின் முன்னால் நின்று, திரும்பி என்னிடம் கேட்டாள்:

"உப்ப எங்க வெச்சிருக்கீங்கப்பா?"

நான் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது நான் சுவா பக்கத்து லாமியில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன், உங்களுக்குத் தெரியும். பினாங்கு ஆலை பெரும்புயலுக்குப் பிறகு திறக்கவே இல்லை. எங்கள் நிலத்தின் குத்தகை முடிந்து அது உரியவர்களிடம் திரும்பிப்போனது. வீடு இருந்த இடத்தில் புல் ஆளுயரம் நிற்கிறது. மாமா ஆக்லாந்தில் காலமானார். கடைசிவரை என் பெயரைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவாராம். அம்மாவுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடுவேன். அங்கே குளிரா என்று நான் கேட்பேன். அங்கே மழையா என்று அம்மா கேட்பாள். பிறகு யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டிருப்போம்.