கறிக்கடைக் கூண்டு

வடமதுரைச் சாலையில் ஒரு கறிக்கடைக்காரர் கடை வாசலில் கூண்டு தொங்கவிட்டு லவ் பேர்ட்ஸ் வளர்த்தார். ஆளும் கையும் முரடு. அன்று தீபாவளி. வெடிச் சத்தத்தில் பறவைகள் மிரளக் கூடாதென்று கூண்டைச் சாக்கால் மூடியிருந்தார். கறி வெட்டுவதற்கு நடுவே அடிக்கடி வந்து சாக்கை லேசாக விலக்கி, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று அவற்றிடம் சொல்லிவிட்டுப் போவார். நான் வரிசையில் நின்றிருந்தேன்.

குடித்திருந்த ஒருவன் கூண்டுக்கு நேர் கீழே சரவெடியைக் கொளுத்திப் போட்டான். சாக்குக்குள் பறவைகள் கம்பியில் மோதி மோதி விழும் சத்தம் கேட்டது. சாக்கில் ரத்தம் கசிந்தது. கடைக்காரர் பாய்ந்து வந்து, வெடித்துக்கொண்டிருந்த சரத்தை வெறுங்கையால் அள்ளிச் சாக்கடையில் வீசினார். உள்ளங்கை கருகிப்போயிற்று. அதே கையால் அவனை அறைந்தார். உதடு கிழிந்து அவன் சுவரோடு சரிந்தான்.

கடைக்காரர் சாக்கை விலக்கினார். கூண்டில் ஒரு பறவை செத்துக் கிடந்தது.

"காலையிலேருந்து இம்புட்டு ஆடு வெட்டுறீங்க. ஒரு குருவிக்கா அண்ணே இந்த அடி?" என்றேன்.

"ஆடு ஒரே வெட்டுல போயிரும் தம்பி. இது பயந்து பயந்துல்ல செத்திருக்கு."

செத்த பறவையைத் துண்டில் பொதிந்து கல்லாப்பெட்டி மேல் வைத்தார். பிறகு கருகிய கையாலேயே கத்தியை எடுத்து, "உனக்கு எம்புட்டுப்பா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது கறியைத்தான். நான்தான் பையை மடித்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினேன்.