கோட்டு வேண்டாம், சட்டை வாங்குங்கள்

பழைய துணி பிரிக்கிற தொழிலில் முதலில் போவது மூக்கு. அடுத்துப் போவது நல்ல மனசுக்காரர்கள் மேலுள்ள மரியாதை.

எங்கள் கிடங்கு மலேசியாவின் தம்போயில் இருக்கிறது. சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் ஏழைகளுக்கென்று கொடுத்த துணி இங்கே வரும். நாங்கள் தரம் பிரித்து, மூட்டையாக அழுத்தி, ஆப்பிரிக்காவுக்கு விற்போம். ஆமாம், விற்போம்தான். முறைக்காதீர்கள், அலமாரியைக் காலி பண்ணிப் புண்ணியம் தேடியவர்கள்தானே நீங்களும்!

கம்பளிக் கருணை

ஒருநாள் பை பிரித்தால் முழுக்கப் பனிக்கோட்டு. ‘அன்புடன் ஆப்பிரிக்காவுக்கு’ என்று சீட்டு வேறு. என்னோடு துணி பிரிக்கும் லெட்சுமி அக்கா ஒன்றைப் போட்டுப் பார்த்து, வியர்த்துக் கழற்றினார்.

“அங்க வெயில்ல மனுசன் வெந்துகிட்டு இருக்கான். அடுத்த தடவ ஹீட்டரும் அனுப்புவாங்க லா!”

ஜோசப்பின் சட்டை

ஜோசப் கிழக்கு ஆப்பிரிக்காக்காரர், எங்களிடம் மூட்டை வாங்குகிறவர். ஊரில் சட்டை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். பழைய துணி வந்து குவிந்ததில் அது படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதே பழைய துணியை விற்றுப் பிழைத்து, மறுபடி சின்னதாக ஒரு பட்டறை போட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். அதில் ஒரு வெள்ளைச் சட்டையை எங்கள் முதலாளி குணாவிடம் ஆசையாக நீட்டி, “இங்கே விற்றுத் தருவீர்களா?” என்று கேட்டார். குணா உள்தையல்வரை புரட்டிப் பார்த்தார்.

“தையல் பிரமாதம் ஜோசப். ஆனா ஒங்க ஊரு சட்டைய இங்க யாரு வாங்குவா? வேணும்னா டொனேஷன் தரேன்.”

பேனர்

சொன்ன சொல் தவறாதவர் குணா. கடைகளில் விலைபோகாத புதுப் பள்ளிச் சீருடைகளைத் திரட்டி, ஜோசப்பின் ஊர்ப் பள்ளிகளுக்கே ஒரு கண்டெய்னர் இலவசமாக அனுப்பினார். பேனர், மாலை, போட்டோ எல்லாம் உண்டு. விஷயம் தெரிந்து ஜோசப் குணாவுக்குப் போன் போட்டார்; ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. அந்தப் பள்ளிகளை நம்பித்தான் பட்டறையே நடக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கெஞ்சினார். பேச்சு பாதியில் உடைந்து அழுகையானது. குணா போனைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்து நெகிழ்ந்தார்.

“பாவம், சந்தோஷத்துல அழுறாரு லா.”

எல்லாருக்கும் கிடைத்தது

போன மாதம் ஜோசப் மறுபடி மூட்டை வாங்க வந்தார். தையல் மிஷின்களை விற்றுவிட்டாராம். நான் காப்பி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “பிள்ளைங்களுக்கெல்லாம் சட்டை கிடைச்சுதா?” என்று குணா பெருமையாகக் கேட்டார். ஜோசப் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

“எல்லாருக்கும் கிடைச்சுது சார். அந்தச் சட்டைய தச்சுகிட்டு இருந்த பொம்பளைங்களுக்குத்தான் இப்ப சாப்பாடு இல்ல. அவங்களுக்கு என்ன அனுப்பப் போறீங்க?”

சட்டை வாங்குவதைத் தவிர வேறு எந்த உதவிக்கும் எங்கள் முதலாளி தயார்.