மிளகாய் பூசிய சம்மணச்சாமி

இந்த நாட்டில் மழை பெய்யும்போதும் சாமிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஜப்பானுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. மலைப்பாறையில் செதுக்கிய பழைய புத்தர் மழையில் நனைந்துகொண்டிருப்பார். குடை பிடித்தபடி வரிசையில் வந்து, நீண்ட பிடியுள்ள மூங்கில் கரண்டியால் தொட்டித் தண்ணீரை மொண்டு அவர்மேல் விடுவார்கள். தறி இயந்திரக் கம்பெனியில் ஆறு நாள் காது அடைக்க வேலை பார்த்துவிட்டு, விடுமுறையில் ரயிலேறி இந்தப் பாறைப் புத்தர்களைப் படம் எடுக்கப் போவேன். ஊற்ற ஊற்ற எனக்கும் ஒரு தொழில் ரகசியம் பிடிபட்டது. கல் நனைந்தால் தேய்ந்த கோடுகூடப் படத்தில் தெளிவாக விழும். அதிலிருந்து, தண்ணீர் விடாமல் நான் கேமராவைத் திறப்பதில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் திருச்சுழி போய், அங்கே கட்டிக்கொடுத்த பெரியம்மா மகள் பாக்கியத்தக்காவைப் பார்ப்பதாகத் திட்டம். அவள் சோளக்காட்டை ஒட்டிய பாறையில் சம்மணம் போட்ட உருவம் ஒன்று உண்டு. ஊரில் சம்மணச்சாமி என்பார்கள். புத்தர்தான் என்று எனக்கொரு எண்ணம். தோளில் துணி மடிப்பு தெரிந்தால் உறுதியாகிவிடும். அந்நிய தேசமெல்லாம் அலைந்து எடுத்த படங்களோடு எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கட்டும் என்று ஆசை. மறுநாள் எனக்கு விமானம்.

ஐப்பசி பாதி போயும் ஒரு தூறல் இல்லை. மழையை நம்பி அக்கா புழுதியிலேயே சோளம் விதைத்திருந்தாள். அடுத்த விதைப்புக்கு வீட்டில் விதை இல்லை. பாறைக்குப் போனால், சம்மணச்சாமியின் தலையிலிருந்து மடிவரை அரைத்த மிளகாய் அப்பியிருந்தது. முகமும் தெரியவில்லை, தோளும் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

"ஊத்தாதப்பா!" அக்கா என் கையைப் பிடித்தாள். "எரியட்டும். எரிஞ்சாத்தான் மழையைக் கூப்பிடுவாரு."

"படம் எடுத்துட்டுத் திரும்பப் பூசிரலாங்க்கா."

"பூசலாம். அவரு நம்பணுமே? வெளாட்டுக்குப் பூசுறாகன்னு நெனச்சுக்கிருவாரு. அழுத பிள்ளைக்குத்தான் பாலுன்னு சொல்லுவாக. நாங்க அழுது பாத்துட்டோம். இனி அவரு அழட்டும்."

மிளகாய் அரைத்த கை என்பதால் முகத்தில் படாமல், முழங்கையால் வேர்வையைத் துடைத்தாள். "நீ நாளைக்குப் போயிருவ தம்பி. நான் இந்தக் காட்டைப் பாத்துக்கிட்டுல்ல இருக்கணும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அவள் அலுப்போடு சொன்னாள். பாட்டிலை மூடிவிட்டு, இருந்தபடியே படம் எடுத்தேன்.

படம் கழுவி வந்ததும் கம்பெனியில் பக்கத்து மேசைக்காரர் வாங்கிப் பார்த்தார். சிவப்பாக அப்பியிருப்பது என்ன என்று கேட்டார். மிளகாய் என்றேன். மழைக்காக என்பதற்கு என்னிடம் இருந்த ஜப்பானிய மொழி போதவில்லை. மறுநாள் மரியாதையாக ஒரு சின்னக் குப்பி மிளகாய்த்தூளைக் கொண்டுவந்து, குனிந்து வணங்கி நீட்டினார். உங்கள் புத்தருக்குக் காரம் பிடிக்கும் போலிருக்கிறது, அடுத்த முறை போகும்போது என் காணிக்கை என்றார். வாங்கிக்கொண்டேன். விளக்கி விளக்கியே இந்த நாட்டில் எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

நேற்றிரவு அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன். "மழை பெஞ்சுச்சாக்கா?" என்றேன். "இன்னும் இல்லப்பா. வெதை உள்ள இருக்கா, வெந்துபோச்சான்னு தெரியல. நோண்டிப் பாக்கப் பயமா இருக்கு" என்றாள். இங்கே கூரையில் கொட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன்.

இன்று விடுமுறை. அதே மலை, அதே மழை. என் முறை வந்தது. கரண்டியில் தண்ணீரை மொண்டுவிட்டேன், கை மேலே எழவில்லை. புழுதிக்குள் கிடக்கிற அக்காவின் விதை நினைவுக்கு வந்தது. பின்னால் நின்ற அம்மாள் எனக்கு முறை தெரியவில்லை என்று நினைத்து, இப்படி ஊற்ற வேண்டும் என்று சிரித்தபடி கையால் காட்டினார். "அங்க பெய்யட்டும்மா, அப்புறம் ஊத்துறேன்" என்று தமிழிலேயே சொல்லி, தண்ணீரைத் தொட்டியிலேயே திரும்ப விட்டேன். அந்த அம்மாள் அதைப் பிரார்த்தனை என்று எண்ணி எனக்காகக் கைகூப்பினார்.