நிலவறையில் விட்டுவந்த சொல்

இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து பதினான்கு வருடமாகியும் புஸ்பவதி பார்த்த புராதனச் சின்னம் அவள் பராமரிக்கும் கிழவி சின்னோரா மட்டும்தான். வேலைவீடு இருக்கும் லிபெர்த்தா வீதியைத் தாண்டினால் அவளுக்கு நகரமே தெரியாது. சின்னோராவுக்கே அது பொறுக்கவில்லை. வியாழக்கிழமை அரைநாள் லீவில் ஊரைப் பார்த்துவிட்டு வா என்று விரட்டிவிட்டாள். அதனால் மன்னார்க்காரி மாக்கிரட்டைக் கூட்டிக்கொண்டு ஒரு வியாழன் பேராலயம், அடுத்த வியாழன் நாற்சந்திச் சிலைகள் என்று சுற்றினாள். மூன்றாவது வியாழன், கப்புச்சின் துறவிகளின் நிலவறை.

படியிறங்கினார்கள். சுவர் நீளத்துக்கு, பதப்படுத்தி நிறுத்திவைத்த இறந்தவர்கள் நின்றார்கள். கோட்டும் சட்டையுமாக, கழுத்தில் பெயர்த்துண்டு தொங்க, நூறு நூற்றைம்பது வருடமாக நிற்கிறார்களாம். மூலையில் ஒருவன் தலையை இடப்பக்கம் சரித்து, ஏதோ கேட்பவன்போல நின்றான். கதிரேசுவும் அப்படித்தான் நிற்பார்.

கதிரேசு அவள் கணவர். வன்னியில், யுத்தத்தின் கடைசி நாட்களில், "போட்டு வாறன்" என்று சொல்லித் தண்ணீர் எடுக்கப் போனவர் வரவேயில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அதனால் அந்தியேட்டிச் சடங்கும் செய்யவில்லை. யார் என்ன சொன்னாலும் காலையில் நெற்றிக்குக் குங்குமம் வைப்பதை அவள் விடவில்லை.

நேரமாகிவிட்டதென்று காவலாளி கைகாட்டினான். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் சொல்கிற பழக்கத்தில், புஸ்பவதி அந்த மூலையைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றாள்.

மாக்கிரட் அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "உங்களுக்கென்ன விசரே அக்கா? செத்தவீட்டிலை ஆரும் திரும்பி வாறனெண்டு சொல்லுவினமே?"

சனிக்கிழமை, சியாகுல்லிப் பக்கத் தோட்டத்தில் மண்டரின் பழம் பிடுங்கிக்கொண்டிருந்த மகன் ஜெயரூபன் ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான்.

"ஆரோ ஏணியை ஆட்டினமாதிரி இருந்ததம்மா. குனிஞ்சு பாத்தா ஒருத்தருமில்லை."

அதன்பிறகு சின்னோரா வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும், யாரோ தலையைச் சரித்துக் காத்திருப்பதாக அவளுக்குப் பட்டது. வருகிறேன் என்றவர் வராவிட்டால் காத்திருப்பது எப்படியென்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"திரும்பப் போய், போறன் எண்டு சொல்லுங்கோ," என்றாள் மாக்கிரட். "ஒரு சொல்லுத்தானே."

ஒரு சொல்தான். ஆனால் அந்த முகத்திடம் சொன்னால் அது கதிரேசுவிடம் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் அடுத்தமுறை மகனுக்குக் கையோடு போகுமா?

அடுத்த வியாழன் தனியாகப் போனாள். அவன் அதே மூலையில் நின்றான். தலை இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தது. அல்லது போனமுறை அவள் சரியாகப் பார்க்கவில்லை. அவனுக்கு நேரெதிரே போய் நின்றாள். பிறகு, இத்தனை வருடமாக யாரையும் கூப்பிடாத விதமாக, கணவரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. நான் போறன்."

காற்றே இல்லாத அந்த இடத்தில் அவன் கழுத்திலிருந்த பெயர்த்துண்டு மெல்ல ஆடியது.

புஸ்பவதி அழுதுகொண்டே படியேறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வெயிலில் நின்று நெற்றியைத் தொட்டாள். காலையில் வைத்த குங்குமம் அங்கே இல்லை.