மகேஸ்வரி விழுங்கிய வெள்ளை மாத்திரை

எங்களைத் தண்ணீர் குடிக்க விடாத கம்பெனிதான் மகேஸ்வரியைக் கொன்றது.

நேற்று காலை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். இருபத்தைந்து வயது. யூரின் இன்ஃபெக்‌ஷன் கிட்னிக்கு ஏறி, ரத்தத்தில் கலந்து... அவ்வளவுதான்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் லைனில் மூன்று வருடம் என் பக்கத்தில் நின்றவள். நான் வடக்குப்பட்டு. அவள் சங்கரன்கோவில் பக்கம். சிங்கப்பெருமாள் கோவிலில் ஹாஸ்டல்.

படித்தது பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. முதல் நாள் அதைச் சொன்னதும் சூப்பர்வைசர், "மைக்ரோவா? அப்ப சின்ன கனெக்டர்லாம் நீயே போடும்மா" என்று அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். கடைசிவரை அதே இடம்.

தண்டலம் பக்கம் ஒரு காலேஜ் லேபில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கேட் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்து ஜன்னலையே பார்த்தாள். மைக்ராஸ்கோப் தெரிகிறது என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்னொரு நாள்... வேறு கம்பெனியிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். கனெக்டர் விரலைக் கிழிக்காமல் இருக்க டேப்பை ஒரு மாதிரி மடித்துச் சுற்றிக்கொள்வாள். ஒரே வாரத்தில் எங்கள் லைன் முழுக்க அந்தச் சுற்று. அடுத்த வாரம் எதிர் லைனிலும்.

"பாக்டீரியாவும் இப்படித்தாம்ட்டி" என்றாள் மகேஸ்.

ஒரு மருந்திலிருந்து தப்பிக்கும் வித்தை ஒரு கிருமிக்குக் கிடைத்தால், தன் வாரிசுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதாம். அதைச் சின்ன டி.என்.ஏ. வளையமாக வைத்திருந்து, பக்கத்துக் கிருமியோடு ஒட்டி நின்று ஒரு நகலைக் கொடுத்துவிடுமாம். ஒயர் கட்டும் கேபிள் டையை வளைத்துக் காட்டினாள். வாங்குவது வேறு இனமாக இருந்தாலும் பரவாயில்லையாம்.

"இன்னாடி சொல்ற... எங்க ஊர்ல மன்சனுக்கு மன்சன் தண்ணி குடுக்கவே யோசிக்கிறான்."

"அதுக்குச் சாதி இல்லல்லா."

அந்த 'ல்லா'வை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருக்கிறது.

எங்கள் லைனில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் நம் இடத்தில் நிற்க மாற்றாள் வர வேண்டும். வரவே மாட்டாள். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. காலை ஏழு மணிக்கு ஒரு வாய், மதியம் சாப்பாட்டோடு ஒரு வாய். எல்லாப் பெண்களுக்கும் நீர்க்கடுப்பு. யாரும் வெளியே சொல்வதில்லை.

கம்பெனி டிஸ்பென்சரியில் சொன்னால் வெள்ளை மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, பேப்பர் கவரில் இரண்டு நாளைக்குப் போட்டுக் கொடுப்பார்கள். பெயர் இருக்காது. எரிச்சல் அடங்கும். லைனுக்குப் போவோம். அடுத்த மாதம் திரும்ப வரும்.

மகேஸ் ஒவ்வொரு முறையும் மீதி நாளுக்கும் கேட்டாள். எரிச்சல் நின்றுவிட்டதே, பிறகு எதற்கு என்பார்கள். லீவு போட்டு வெளியே டாக்டரைப் பார்த்தால் காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள்.

"பாதியில நிறுத்தக் கூடாதுன்னு பரீட்சைல எழுதினவ நான்."

போன மாதம் அவள் இப்படிச் சொன்னபோது, டிஸ்பென்சரியில் எனக்குக் கொடுத்ததில் மீதியாகி லாக்கரில் இருந்த இரண்டு மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தேன். அவையும் வெள்ளைதான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவும் அதுவும் ஒண்ணுதானா?"

"எல்லாம் ஒண்ணுதான், முழுங்குடி" என்றேன்.

விழுங்கினாள்.

பத்து நாள் கழித்துக் குளிர் ஜுரம். லைனிலேயே சாய்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. எந்த மருந்துக்குக் கிருமி சாகும், எதற்குச் சாகாது என்கிற பட்டியல். அவளே வாங்கி விரல் வைத்துப் படித்தாள். சாகாது என்றால் 'ஆர்' என்று போடுவார்களாம். ஆர்... ஆர்... ஆர்... விரல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"எல்லா வளையத்தையும் வாங்கி வச்சிருக்குட்டி" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

இதுவரை என்னென்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். வெள்ளை மாத்திரை என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

டிஸ்பென்சரிக்குப் போன் செய்தேன். ஹெச்.ஆரைக் கேட்கச் சொன்னார்கள். ஹெச்.ஆர்., பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அது ஆறு நாளைக்கு முன்னால்.

நேற்று ஷிப்ட் முடிந்து நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குள் அவளை ஏற்றிய வண்டி ஊருக்குக் கிளம்பிவிட்டது. முகத்தைப் பார்க்கவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்... போயிட்டு வாட்டி மகேஸ்.

ஹெச்.ஆர். சார், மூன்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். மூன்றையும் நீங்கள் படித்துவிட்டதாகக் காட்டுகிறது.

எங்கள் லைனில் இன்றைக்கும் அந்தக் கவரோடு இரண்டு பேர் நிற்கிறார்கள். மகேஸுக்கு நீங்கள் கொடுத்தது என்ன மாத்திரை? நான் கொடுத்ததும் அதேதானா?

பெயரை எழுதிக் கொடுங்கள்.