பதினொரு பெயர்கள்

காலை ஒன்பது பத்து. கணினியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வெற்றிடம். முந்தைய நாள் மாலை ஸ்டுடியோவின் செய்திப் பக்கத்தில் நான் ஏற்றிய செய்தி அங்கே இல்லை. அதற்குக் கீழே இருந்த பழைய செய்தி மேலே ஏறியிருந்தது.

நாகர்கோவிலில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்த அனிமேஷன் ஸ்டுடியோ. வெளிநாட்டுக் கம்பெனிகள் எடுக்கும் படங்களுக்குப் பின்னணி வரைந்து கொடுப்பது அவர்களுடைய தொழில். எந்தப் படம் முடிந்தது, எது வெளியாகிறது, எந்த விழாவுக்குப் போகிறது என்று இணையத்தில் எழுதுவது என்னுடைய வேலை. அதற்கு முன் பத்தொன்பது வருடம் பத்திரிகையில் இருந்தேன். எங்கள் பதிப்பை மூடிய பிறகு இங்கே வந்தேன்.

மாவட்டச் செய்தியில் எனக்கு முதலில் கற்பித்த பாடம், பெயரை விடாதே என்பது. கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா, சர்ச் திருவிழா, எதுவானாலும் வந்தவர் போனவர் பெயரையெல்லாம் ஊரோடு சேர்த்துப் போட வேண்டும். பெயர் வந்தவன் நாலு பிரதி வாங்குவான். அந்தப் பழக்கத்தில்தான், வெளியாகப்போகும் படத்துக்கு வரைந்த பதினொரு பேரையும் ஊரோடு போட்டேன். கருங்கல், பூதப்பாண்டி, களியக்காவிளை என்று வரிசையாக.

முதல் பெயர் தேங்காய்ப்பட்டணத்துப் பெண் ஒருத்தியுடையது. படத்தில் நாற்பது வினாடி வரும் மழைக் காட்சி அவள் வரைந்தது. இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை. வைகாசிப் பாதியில் தொடங்கும் மழை, ஊர்ப்பேச்சில் இடவப்பாதி, மேற்கிலிருந்து சாய்ந்து இறங்கும். ஐப்பசி மழை இடியோடு மாலையில் நேராகக் கொட்டும். இடவப்பாதியைத்தான் அவள் வரைந்தாள். அதற்காகப் பூதப்பாண்டி வயல் வரப்பில் இரண்டு நாள் குடையோடு நின்றாள். வெளிநாட்டு இயக்குநர் அந்தக் காட்சியில் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு முதலாளி கூப்பிட்டார்.

"ஆருட்ட கேட்டுவே பேரெல்லாம் போட்டீரு? இதென்ன கொடை நோட்டீஸா?"

மேசை மேல் ஒப்பந்தம் கிடந்தது. படம் வெளியாகும்வரை வேலை செய்தவர்களின் பெயரை வெளியிடக் கூடாது, மீறினால் படத்தின் இறுதியில் தனிப்பெயர்கள் வராது, ஸ்டுடியோவின் பெயர் மட்டும் வரும். கடைசித் தாளில் என் கையெழுத்தும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று படிக்காமல் போட்டது. ஊரில் உள்ளவன் கையெழுத்தையெல்லாம் பத்தொன்பது வருடம் சரிபார்த்தவன் நான்.

"அங்கேருந்து மெயில் வந்தாச்சு. பதினொண்ணையும் வெட்டியாச்சு" என்றார். "படம் இறங்குகது வரைக்கும் பிள்ளைகள்ட்ட மூச்சு விடப்பிடாது. அடுத்த படம் கையில இருக்கு. இப்பம் சொன்னா வேலையப் போட்டுட்டுப் போயிருவானுவ."

சரி என்றேன்.

மழை வரைந்தவளுக்குத் திரையில் பெயர் எதற்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஐதராபாத்தில் ஒரு பெரிய ஸ்டுடியோ ஆள் எடுக்கிறது. ஒரு முழுநீளப் படத்திலாவது பெயர் வந்திருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். கல்ஃபில் இருபது வருடம் பலசரக்குக் கடையில் நின்றுவிட்டுத் திரும்பியிருந்த அவள் வாப்பா, மகளை அவ்வளவு தூரம் அனுப்ப முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு, திரையில் பெயரைப் பார்த்தால் போகலாம் என்று சொல்லியிருந்தார்.

படம் வெளியாவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் நாலு முறை அவள் என்னிடம் கேட்டாள்.

"சாரே, பேரு எந்த எடத்துல வரும்? முதல்லயா, கடைசியிலயா?"

"கடைசியில வரும் மக்கா."

"உம்மாக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. நான் கைகாட்டிக் குடுக்கணும். அதான் கேட்டேன்."

மார்த்தாண்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக் காட்சி. அவள் குடும்பம் பதினான்கு பேர், ஒரே வரிசை. செய்திக்குப் புகைப்படம் எடுப்பதற்காக நான் பின்வரிசையில் இருந்தேன். மழை வந்தபோது வாப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம், "இது இடவப்பாதி மழையாக்கும். எனக்க மோளு வரச்சது" என்றார். பக்கத்து இருக்கைக்காரர் முன்பின் தெரியாதவர். "ஓஹோ" என்று சொல்லிவிட்டுப் பாப்கார்னை நீட்டினார்.

படம் முடிந்ததும் வழக்கம்போல் விளக்கு எரிந்தது, கதவுகள் திறந்தன. பெயர்கள் ஓடத் தொடங்கின. திரையை அணைக்கப்போன தியேட்டர் பையனிடம் வாப்பா எழுந்துபோய்க் கேட்டார்.

"தம்பி, ஒரு அஞ்சு நிமிசம் ஓட்டு. எம்பிள்ளைக்க பேரு வரும்."

அவன் ஓட்டினான். பதினான்கு பேரும் நின்றார்கள். வெளிநாட்டில் வரைந்தவர்கள், குரல் கொடுத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், சாப்பாடு கொண்டுவந்தவர்கள். அதற்குப் பிறகு எங்கள் ஸ்டுடியோவின் பெயர் ஒரே வரியில் வந்து மேலே போனது. கடைசியில் ஒரு பட்டியல் வந்தது. அனிமேஷன் படங்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. படம் தயாரான காலத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களைப் போடுவார்கள். முப்பதுக்கு மேல் இருந்தன. உம்மா அவள் கையைப் பிடித்தபடி, "இதுலயா மோளே?" என்று கேட்டாள். துப்புரவுப் பெண் வரிசைக்குள் துடைப்பத்தோடு வந்துவிட்டாள். திரை அணைந்தது.

வெளியே படியில் வைத்து அவள் கேட்டாள். "சாரே, அண்ணைக்கு நீங்க போட்ட லிஸ்ட்ல முதப் பேரு எனக்கதுதானே?"

"ஆமா."

"பின்ன?"

"கடைசி நேரத்துல ஏதோ மாத்தியிருக்கு" என்றேன். யார் செய்தது என்று சொல்ல விரும்பாதபோது பத்திரிகையில் நாங்கள் எழுதும் வாக்கியம் அது.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"இல்ல."

வாப்பா என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். செருப்பைப் போட்டுக்கொண்டே மகளிடம், "போட்டும் மோளே. பேரில்லாத்த வேலைக்கு அவ்வளவு தூரம் என்னத்துக்கு?" என்றார். பிறகு என்னைச் சாப்பிட அழைத்தார். பதினான்கு பேருக்கும் பிரியாணி சொல்லி வைத்திருந்தார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்குச் செய்திப் பக்கத்தில், 'கலைஞர்களின் குடும்பத்தினர் படத்தைக் கண்டு மகிழ்ந்தனர்' என்று எழுதி, விளக்கு எரிவதற்கு முன் எடுத்த புகைப்படத்தைப் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "இப்பிடி எழுதும்வே" என்றார்.

வியாழக்கிழமையிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. ஐதராபாத் விண்ணப்பத்தின் கடைசி நாள் அதற்கு அடுத்த நாள். அதில் காட்ட, பெயர் வந்த படம் ஒன்றும் அவளிடம் இல்லை.

மறுவாரம் நான் ஏற்றிய செய்தி இரண்டு வரி. எங்கள் அடுத்த படத்துக்கு மழைக் காட்சிகள் வரையத் தெரிந்த ஓவியர் ஒருவர் தேவை. உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை.